பந்தயமும் ஒப்பந்தமும்: டெரிவேட்டிவ் சந்தையின் சட்டச் சொற்கள்

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 30-ஆவது பிரிவு அளவில் மிகச் சிறியது. பந்தயமாகச் செய்துகொண்ட உடன்பாடு செல்லாது என்றும், பந்தயத்தில் வென்றதாகச் சொல்லப்படும் தொகையை எவரும் வழக்குத் தொடுத்து வசூலிக்க முடியாது என்றும் அது விதிக்கிறது. குதிரைப் பந்தயத்தில் வெல்பவருக்கு வழங்கப்படும் 500 ரூபாய்க்குக் குறையாத பரிசுக்காகப் பணம் சேர்க்கும் ஏற்பாட்டுக்கு மட்டும் அதே பிரிவு விலக்கு அளித்திருப்பது, சட்டத்தை இயற்றியவர்கள் தங்கள் மாலைப் பொழுதுகளை எங்கே கழித்தார்கள் என்பதை ஓரளவு காட்டிக்கொடுக்கிறது. நாளை விலை ஏறுமா இறங்குமா என்ற கணிப்பை வைத்து இருவர் செய்யும் எந்த ஒப்பந்தமும் என்றாவது ஒருநாள் இந்தப் பிரிவின் முன் நின்று விளக்கம் சொல்லியாக வேண்டும் என்பதால், டெரிவேட்டிவ் எனப்படும் நிதி ஒப்பந்தங்களின் சொற்களை அறிய விரும்புபவர் பங்குச் சந்தைத் திரையிலிருந்து தொடங்குவதைவிட இந்தப் பழைய பிரிவிலிருந்து தொடங்குவதே நல்லது.

டெரிவேட்டிவ் என்பது தனக்கெனத் தனி மதிப்பு இல்லாமல், வேறொன்றின் விலையிலிருந்தே மதிப்பைப் பெறும் ஒப்பந்தம். அந்த வேறொன்று ஒரு நிறுவனத்தின் பங்காகவோ, நிஃப்டி போன்ற குறியீடாகவோ, டாலரின் ரூபாய் மதிப்பாகவோ, தங்கமாகவோ, வட்டி விகிதமாகவோ இருக்கலாம். அதை அடிப்படைச் சொத்து என்பார்கள். மூன்று மாதம் கழித்துத் தன் கைக்கு வரப்போகும் டாலரை இன்றே பேசிய விலைக்கு வங்கியிடம் விற்றுவைக்கும் ஏற்றுமதியாளர் செய்வது ஃபார்வர்ட், அதாவது முன்பேர ஒப்பந்தம். அதே உடன்பாட்டின் அளவு, முடிவு நாள், தீர்வு முறை ஆகியவற்றைச் சந்தையே முன்கூட்டி வரையறுத்துவிட்டு, முகம் தெரியாதவர்கள் திரையில் அதை வாங்கி விற்கும்படி செய்தால் அது ஃபியூச்சர்ஸ். இவை இரண்டிலும் வாங்குபவர், விற்பவர் ஆகிய இருவருமே சொன்னதைச் செய்யக் கடமைப்பட்டவர்கள். ஆப்ஷன் அப்படியல்ல, அதை வாங்குபவருக்கு உரிமை மட்டுமே உண்டு, விற்பவருக்குக் கடமை மட்டுமே உண்டு, அந்த ஏற்றத்தாழ்வுக்கு ஈடாக வாங்குபவர் கொடுக்கும் விலையே பிரீமியம். மாறிக்கொண்டே இருக்கும் வட்டியைக் கட்டுபவரும் நிலையான வட்டியைக் கட்டுபவரும் தத்தம் கடமைகளைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்வது போன்ற ஏற்பாடு ஸ்வாப்.

இந்த நான்கையும் ஒருவர் இரண்டு நோக்கங்களில் ஒன்றுக்காகக் கையாளலாம்: ஏற்கெனவே தன் தலைமேல் இருக்கும் விலை அபாயத்தைக் குறைத்துக்கொள்ளும் இடர்காப்பு ஒன்று, இல்லாத அபாயத்தை இலாபத்துக்காக விரும்பி ஏற்கும் ஊக வணிகம் மற்றொன்று. ஒப்பந்தத் தாளைப் பார்த்து இரண்டில் எது என்று சொல்ல முடியாது என்பதுதான் சட்டத்துக்கு நேர்ந்த தொல்லை.

பந்தயம் என்றால் என்ன என்பதை ஒப்பந்தச் சட்டம் வரையறுக்கவில்லை. 1892-இல் இங்கிலாந்தில் கார்லில் வழக்கின் முதல் விசாரணையில் நீதிபதி ஹாக்கின்ஸ் வகுத்த இலக்கணத்தையே இந்திய நீதிமன்றங்களும் கையாண்டு வந்துள்ளன. அதன் சாரம் இது: நிச்சயமற்ற எதிர்கால நிகழ்வு ஒன்றைப் பற்றி இருவர் எதிரெதிர்க் கருத்துக் கொண்டிருக்க வேண்டும், அதன் முடிவைப் பொறுத்து ஒருவர் வெல்லவும் மற்றவர் தோற்கவும் வேண்டும், பந்தயப் பணத்தைத் தவிர அந்த நிகழ்வில் இருவருக்கும் வேறு அக்கறை ஏதும் இருக்கக் கூடாது. தானிய மண்டிகளிலும் பருத்திச் சந்தைகளிலும் நடந்த முன்பேர வணிகத்துக்கு இந்த இலக்கணத்தைப் பொருத்தியபோது, சரக்கைக் கொடுத்து வாங்கும் எண்ணம் தொடக்கத்தில் இருந்ததா, அல்லது முடிவு நாளில் விலை வித்தியாசத்தை மட்டும் பணமாகத் தீர்த்துக்கொள்ளவே இருவரும் எண்ணியிருந்தார்களா என்ற கேள்வி முதன்மை பெற்றது. முதலாவது ஒப்பந்தம், இரண்டாவது பந்தயம். மனத்தில் இருந்த எண்ணத்தை ஆண்டுகள் கழித்துச் சாட்சியத்தால் நிறுவுவது எவ்வளவு எளிது என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இங்கே செல்லாதது, சட்டவிரோதமானது என்ற இரண்டு சொற்களைப் பிரித்தறிவது அவசியம். கேருலால் பாரக் எதிர் மகாதேவதாஸ் மையா என்ற வழக்கில், ஹாப்பூர் நகரத்து வணிக நிறுவனங்கள் இரண்டுடன் கோதுமை முன்பேர வணிகம் செய்யக் கூட்டுச் சேர்ந்த இருவரில், நட்டம் முழுவதையும் கட்டியவர் மற்றவரிடம் பாதியைக் கேட்டார். வணிகமே பந்தயம் என்பதால் கூட்டும் சட்டத்துக்கு மாறானது, ஆகவே பங்கு தர வேண்டியதில்லை என்பது மற்றவரின் வாதம். 1959-இல் உச்ச நீதிமன்றத்துக்காகத் தீர்ப்பெழுதிய நீதிபதி சுப்பா ராவ், பந்தய உடன்பாடு செல்லாதது என்பதால் அதை நீதிமன்றம் நிறைவேற்றித் தராது, ஆனால் அது தடைசெய்யப்பட்ட செயலோ ஒழுக்கக்கேடான செயலோ அல்ல, எனவே அதைச் சுற்றி எழுந்த கூட்டு உடன்பாடு செல்லும் என்று கூறினார். செல்லாத உடன்பாட்டுக்குச் சட்டம் முதுகைக் காட்டுகிறது. சட்டவிரோத உடன்பாட்டின் மீது அது கை வைக்கிறது. சந்தையில் பணம் போடுபவருக்கு இரண்டுமே நட்டம்தான் என்றாலும், வழக்கு மன்றத்தில் இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு பெரியது.

பங்குகளில் முன்பேர வணிகம் செய்வதை 1956-ஆம் ஆண்டின் பத்திர ஒப்பந்த ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் மத்திய அரசு 1969-இல் ஓர் அறிவிக்கையால் தடைசெய்தது. ஆனால் தீர்க்க வேண்டிய பேரத்தைக் கட்டணம் கொடுத்து அடுத்த தீர்வுக் காலத்துக்குத் தள்ளிப்போடும் பத்லா என்ற முறை பம்பாய்ச் சந்தையில் பல பத்தாண்டுகள் தொடர்ந்து, இடையில் நிறுத்தப்பட்டும் மீண்டும் அனுமதிக்கப்பட்டும் இழுபட்டு, 2001 ஜூலையில்தான் ஒழிந்தது. முன்பேரத்தைத் தடைசெய்துவிட்டு, அதன் வேலையைச் செய்யும் வேறொன்றை வைத்திருந்த காலம் அது. பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 1996 நவம்பரில் எல்.சி. குப்தா தலைமையில் அமைத்த குழு, டெரிவேட்டிவ்களைச் சட்டப்படி பத்திரங்கள் என்று அறிவித்து, அவற்றை ஒழுங்குமுறைக்கு உட்படுத்தி அனுமதிக்கலாம் என்று 1998 மார்ச்சில் பரிந்துரைத்தது. அதன்படி 1999-இல் சட்டம் திருத்தப்பட்டது, 2000-இல் பழைய தடை அறிவிக்கை விலக்கிக்கொள்ளப்பட்டது, அதே ஆண்டு ஜூன் மாதம் மும்பைப் பங்குச் சந்தையிலும் தேசியப் பங்குச் சந்தையிலும் குறியீட்டு ஃபியூச்சர்ஸ் வணிகம் தொடங்கியது.

அந்தத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 18-ஏ பிரிவுதான் இன்றைய சந்தையின் சட்ட அடித்தளம். வேறு எந்தச் சட்டத்தில் என்ன சொல்லியிருந்தாலும், அங்கீகரிக்கப்பட்ட பங்குச் சந்தையில் வணிகமாகி, அச்சந்தையின் தீர்வகத்தின் வழியே, அதன் விதிகளின்படி தீர்க்கப்படும் டெரிவேட்டிவ் ஒப்பந்தம் சட்டபூர்வமானது, செல்லத்தக்கது என்கிறது அது. ஒப்பந்தம் செய்தவரின் நோக்கம் என்ன, சரக்கைக் கொடுக்கும் எண்ணம் இருந்ததா, அடிப்படைச் சொத்தில் அவருக்கு அக்கறை உண்டா என்ற ஒரு நூற்றாண்டுக் கேள்விகள் எதையும் இந்தப் பிரிவு கேட்கவில்லை; எங்கே நடந்தது, எப்படித் தீர்க்கப்பட்டது என்பதை மட்டும் கேட்கிறது. நிஃப்டி என்ற வெறும் எண்ணை யாரும் யாருக்கும் ஒப்படைக்க முடியாது, வித்தியாசத்தைப் பணமாகத் தருவதைத் தவிர வேறு தீர்வே கிடையாது என்ற நிலையில், பழைய அளவுகோலின்படி குறியீட்டு ஃபியூச்சர்ஸ் ஒன்றுகூடத் தேறியிருக்காது. பந்தயத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் இடையிலான வேறுபாட்டைச் சட்டம் கண்டுபிடித்துவிட்டது என்று சொல்வதைவிட, அந்தக் கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு இடத்தை வைத்துத் தீர்மானித்தது என்று சொல்வதே நேர்மையானது.

இடத்துக்கு அத்தனை முக்கியத்துவம் ஏன் என்பதைத் தீர்வகம் செய்யும் வேலையைப் பார்த்தால் அறியலாம். திரையில் ஒருவர் வாங்கி மற்றவர் விற்றவுடன், அவர்கள் இருவருக்கும் இடையிலான ஒப்பந்தம் முடிவுக்கு வந்து, அதற்குப் பதிலாக வாங்கியவருக்கும் தீர்வகத்துக்கும் இடையே ஒன்றும், விற்றவருக்கும் தீர்வகத்துக்கும் இடையே ஒன்றுமாக இரண்டு புதிய ஒப்பந்தங்கள் பிறக்கின்றன. பழைய ஒப்பந்தத்தின் இடத்தில் புதியது அமர்வதை நொவேஷன் என்பார்கள்; ஒப்பந்தச் சட்டத்தின் 62-ஆவது பிரிவு இதற்கு இடம் தருகிறது. இதனால் எதிர்த்தரப்பு அபாயம், அதாவது மறுபக்கத்தில் இருப்பவர் பணம் கட்டாமல் ஓடிவிடும் அபாயம், முகம் தெரியாத தனிமனிதரிடமிருந்து தீர்வகத்தின் தோளுக்கு மாறுகிறது. தீர்வகம் அதைச் சும்மா ஏற்பதில்லை. பேரம் தொடங்கும்போதே இரு தரப்பிலும் மார்ஜின் எனப்படும் பிணைத்தொகையை வாங்கிக்கொள்கிறது, ஃபியூச்சர்ஸில் ஒவ்வொரு நாள் மாலையும் அன்றைய முடிவு விலையை வைத்து இலாபநட்டத்தைக் கணக்கிட்டு, நட்டப்பட்டவரிடம் வாங்கி இலாபம் கண்டவருக்குக் கொடுத்துவிடுகிறது. இந்த அன்றாடக் கணக்குக்கு மார்க் டு மார்க்கெட் என்று பெயர். கட்டத் தவறியவரின் நிலை அவர் விருப்பத்தைக் கேட்காமலே முடித்துவைக்கப்படும்.

ஆப்ஷன் வணிகரின் திரையில் ஓடும் சொற்களை ஓர் எடுத்துக்காட்டால் எளிதில் பிடித்துக்கொள்ளலாம். நிஃப்டி 24,000 கால் ஆப்ஷனை 100 ரூபாய் பிரீமியத்துக்கு ஒருவர் வாங்குகிறார், ஒரு லாட்டில் 75 அலகுகள் என்று கொள்வோம். அவர் கட்டுவது 7,500 ரூபாய். 24,000 என்பது ஸ்ட்ரைக் விலை, ஒப்பந்தம் முடியும் நாள் எக்ஸ்பைரி. அன்று நிஃப்டி 24,300-இல் நின்றால் அவருக்கு 300 வீதம் 22,500 ரூபாய் வரும், பிரீமியத்தைக் கழித்தால் மிச்சம் 15,000. 24,000-உம் அதற்குக் கீழும் நின்றால் கட்டிய 7,500 முழுவதும் போகும், ஆனால் அதற்கு மேல் ஒரு காசும் போகாது. அதை விற்றவரின் நிலை நேர் எதிரானது: நிஃப்டி 25,000 ஆனால் அவர் தர வேண்டியது 75,000, கையில் வாங்கியதோ 7,500. விலை ஏறும் என்று நினைப்பவர் வாங்குவது கால், இறங்கும் என்று நினைப்பவர் வாங்குவது புட். திரையில் சிஇ, பிஇ என்று தெரிவதில் உள்ள இ என்ற எழுத்து ஐரோப்பிய வகையைக் குறிக்கிறது. எக்ஸ்பைரி அன்று மட்டுமே உரிமையைப் பயன்படுத்த முடியும் என்பது அதன் பொருள். முன்பு தனிப் பங்குகளின் ஆப்ஷன்கள் எந்த நாளிலும் உரிமையைப் பயன்படுத்தக்கூடிய அமெரிக்க வகையாக இருந்தன. 2011 முதல் அவையும் ஐரோப்பிய வகைக்கு மாறின. பெயர்களுக்கும் கண்டங்களுக்கும் இன்று எந்தத் தொடர்பும் இல்லை.

தனிப் பங்குகளைப் பொறுத்தவரை செபி 2018-இல் ஒரு முடிவெடுத்து 2019 அக்டோபருக்குள் படிப்படியாக நிறைவேற்றியது: எக்ஸ்பைரி வரை நிலையை வைத்திருப்பவர் வித்தியாசத்தைப் பணமாகத் தீர்க்க முடியாது, பங்குகளையே கொடுக்கவோ வாங்கவோ வேண்டும். சரக்கு ஒப்படைப்பு என்ற பழைய அளவுகோல், இம்முறை மனத்தின் எண்ணமாக அன்றி விதியின் கட்டாயமாக, பின்வாசல் வழியே திரும்பி வந்திருப்பது கவனிக்கத்தக்கது.

பங்குச் சந்தைக்கு வெளியே, வங்கிக்கும் நிறுவனத்துக்கும் இடையே நேருக்கு நேர் செய்யப்படும் ஒப்பந்தங்களை ஓடிசி என்பார்கள். இவற்றுக்கு 18-ஏ பிரிவின் பாதுகாப்புக் கிடையாது. அந்த இடைவெளியை அடைக்க 2006-இல் ரிசர்வ் வங்கிச் சட்டத்தில் 45-வி பிரிவு சேர்க்கப்பட்டது. ஒப்பந்தத்தின் ஒரு தரப்பாவது ரிசர்வ் வங்கியாகவோ, அட்டவணை வங்கியாகவோ, அதன் ஒழுங்குமுறைக்கு உட்பட்ட வேறு அமைப்பாகவோ இருந்தால், ரிசர்வ் வங்கி குறிப்பிடும் டெரிவேட்டிவ் ஒப்பந்தம் செல்லும் என்றது அது. இங்கே அளவுகோல் இடம்கூட அல்ல, ஆள். இத்தகைய ஒப்பந்தங்கள் பெரும்பாலும் இஸ்டா என்ற பன்னாட்டு அமைப்பு வகுத்த மூல ஒப்பந்தத்தின் கீழ் எழுதப்படுகின்றன. அதில் மிகவும் கனமான சொல் முடிவுக்கால நிகரத் தீர்வு: ஒரு தரப்பு நொடித்துப்போனால், இரு தரப்புக்கும் இடையே நிலுவையில் உள்ள எல்லா ஒப்பந்தங்களையும் ஒரே நாளில் முடித்து, வரவும் செலவும் கழித்து, மிஞ்சும் ஒற்றைத் தொகையை மட்டும் தீர்த்துக்கொள்வது. இந்த ஏற்பாடு இல்லாவிட்டால், நொடித்த நிறுவனத்தின் கணக்கை முடிக்க வரும் அதிகாரி தனக்கு இலாபமான ஒப்பந்தங்களை மட்டும் பொறுக்கியெடுத்துப் பணம் கேட்டுவிட்டு, நட்டமானவற்றுக்கு மற்றக் கடன்காரர்களுடன் வரிசையில் நிற்கச் சொல்லலாம். இந்தியாவில் இந்த நிகரத் தீர்வுக்குத் தெளிவான சட்ட உறுதி 2020-இல் இயற்றப்பட்ட தனிச் சட்டத்தால்தான் கிடைத்தது.

ஓடிசி ஒப்பந்தங்களின் கசப்பைத் தமிழ்நாடு 2007, 2008 ஆண்டுகளில் நேரடியாகவே சுவைத்தது. திருப்பூர்ப் பின்னலாடை ஏற்றுமதியாளர்கள் உள்ளிட்ட பலர், டாலரின் ஏற்றத்தாழ்விலிருந்து காத்துக்கொள்ளவென வங்கிகளிடம் வாங்கிய சிக்கலான செலாவணி ஒப்பந்தங்களில், தங்கள் வணிகத்துக்கே தொடர்பில்லாத நாணயங்களின் விலையும் நுழைந்திருந்ததால், அவை திசை மாறியபோது பெரும் நட்டம் கண்டனர். கோவையைச் சேர்ந்த ராஜ்ஸ்ரீ சர்க்கரை நிறுவனம் ஆக்சிஸ் வங்கியுடன் டாலருக்கும் சுவிஸ் பிராங்குக்கும் இடையிலான விலையை வைத்துச் செய்த ஒப்பந்தம் பந்தயமே என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வாதிட்டது. 2008 அக்டோபரில் நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் அளித்த தீர்ப்பு, டெரிவேட்டிவ்களின் வரலாற்றையும் சொற்களையும் விரிவாக ஆராய்ந்த பின், அந்த ஒப்பந்தம் பந்தயம் அல்ல என்று முடிவுசெய்தது. நிறுவனங்களுக்கு 30-ஆவது பிரிவு கைகொடுக்கவில்லை என்றாலும், விற்றவர்கள் முற்றிலும் குற்றமற்றவர்கள் என்றும் ஆகிவிடவில்லை; வாடிக்கையாளருக்குப் பொருத்தமானதா என்று உரிய முறையில் ஆராயாமல் டெரிவேட்டிவ்களை விற்றது உள்ளிட்ட விதிமீறல்களுக்காக 2011 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி 19 வங்கிகளுக்கு அபராதம் விதித்தது. ஒவ்வொன்றுக்கும் 5 லட்சம் முதல் 15 லட்சம் ரூபாய் வரையிலான அந்தத் தொகை, ஏற்பட்ட நட்டத்தோடு ஒப்பிட்டால் அபராதம் என்ற பெயருக்கே கூச்சம் தரக்கூடியது.

செலாவணியில் மட்டும் சட்டம் நோக்கத்தைக் கேட்பதை இன்னும் விடவில்லை. ரூபாய் சம்பந்தப்பட்ட நாணய டெரிவேட்டிவ் வாங்குபவருக்கு அடிப்படை வெளிப்பாடு, அதாவது இறக்குமதி, ஏற்றுமதி, வெளிநாட்டுக் கடன் போன்ற உண்மையான செலாவணி வரவுசெலவு, இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நிலைப்பாடு. பங்குச் சந்தையில் 10 கோடி டாலர் வரை சான்று ஆவணம் காட்ட வேண்டியதில்லை என்ற சலுகையை, வெளிப்பாடே தேவையில்லை என்று பலர் பொருள்கொண்டு ஆண்டுக்கணக்கில் வணிகம் செய்துவந்தனர். ஆவணம் கேட்கவில்லை என்பதற்கு வெளிப்பாடு வேண்டாம் என்று பொருளல்ல என்பதை 2024 ஜனவரியில் ரிசர்வ் வங்கி நினைவூட்டியபோது சந்தை அதிர்ந்தது. ஏப்ரலில் நடைமுறைக்கு வரவிருந்த விதி மே மாதத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டும், அச்சந்தையின் வணிகம் வெகுவாகச் சுருங்கிப்போயிற்று. நிஃப்டியில் எவரும் எந்தக் காரணமும் சொல்லாமல் பேரம் பேசலாம், டாலரில் காரணம் இருக்க வேண்டும்; ஒரே திரையில் அருகருகே ஓடும் இரண்டு ஒப்பந்தங்களுக்கு இரண்டு தத்துவங்கள்.

வருமான வரியிலும் இடமே பேசுகிறது. பொருளை ஒப்படைக்காமல் தீர்க்கப்படும் பேரத்தை 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் ஊக வணிகம் என்று வகைப்படுத்தி, அதன் நட்டத்தை ஊக வணிக இலாபத்தில் மட்டுமே, அதுவும் நான்கு ஆண்டுகளுக்குள், கழிக்க அனுமதித்தது. 2005-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம், அங்கீகரிக்கப்பட்ட சந்தையில் நடக்கும் டெரிவேட்டிவ் பேரம் ஊக வணிகம் ஆகாது என்று விலக்களித்தது. எட்டு ஆண்டுகள் வரை நட்டத்தை முன்னெடுத்துச் செல்லும் வசதி அதனால் கிடைத்தது. ஒருவர் நாள் முழுவதும் ஊகம் மட்டுமே செய்திருந்தாலும், வரிச் சட்டத்தின் கண்ணில் அவர் ஊக வணிகர் அல்லர்.

இந்த எல்லைக்கு வெளியே நடப்பது டப்பா வர்த்தகம். தரகர் வாடிக்கையாளரின் பேரத்தைச் சந்தைக்கே அனுப்பாமல் தன் நோட்டில் குறித்துக்கொண்டு, சந்தையில் ஓடும் அதே விலையை வைத்து வித்தியாசத்தைத் தானே கொடுக்கவோ வாங்கவோ செய்வார். விலையும் ஒன்று, லாட்டும் ஒன்று, சொற்களும் ஒன்று. ஆனால் மார்ஜினும் தீர்வகமும் அங்கே இல்லை, வென்ற பணத்தைத் தரகர் தராவிட்டால் கேட்க நீதிமன்றமும் இல்லை. இது செல்லாத உடன்பாடு என்ற அளவோடு நிற்பதில்லை. பத்திர ஒப்பந்த ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் குற்றமும் ஆகும்.

எல்லைக்கு உள்ளே இருப்பவர்களின் நிலையும் கொண்டாடத்தக்கதாக இல்லை. பங்கு டெரிவேட்டிவ்களில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் நட்டமடைந்தார்கள், மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது என்று செபியே 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு தெரிவித்தது. அடுத்த மாதமே ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச மதிப்பு 15 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது, வாராந்தர எக்ஸ்பைரி ஒரு சந்தைக்கு ஒரு குறியீடு என்று சுருக்கப்பட்டது. செல்லத்தக்கது என்று சட்டம் சொல்வது பணம் வசூலாகும் என்பதற்கான உறுதியே தவிர, பேரம் புத்திசாலித்தனமானது என்பதற்கான சான்றிதழ் அல்ல என்பதை 18-ஏ பிரிவைப் படிக்கும் எவரும் அறிவர். படிக்காதவர்களே சந்தையில் மிகுதி.

அந்த மிகுதியைக் குறிவைத்துத்தான் கருத்து வணிகம் என்ற பெயரில் செயலிகள் முளைத்தன. ஒரு கிரிக்கெட் ஆட்டத்தின் முடிவோ தேர்தல் முடிவோ ஆம் என்று அமையுமா, இல்லை என்று அமையுமா என்பதற்குப் பணம் கட்டவைத்து, அதற்கு இலாபம், ஸ்டாப் லாஸ், டிரேடிங் என்று பங்குச் சந்தையின் சொற்களையே அவை சூட்டின. ஹாக்கின்ஸின் இலக்கணத்துக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டைத் தேடினாலும் கிடைக்காது. வணிகமாவது பத்திரமே அல்ல என்பதால் இவை தன் ஒழுங்குமுறைக்குள் வருவதில்லை என்றும், அங்கீகரிக்கப்பட்ட சந்தையில் கிடைக்கும் முதலீட்டாளர் பாதுகாப்பு எதுவும் இங்கே கிடைக்காது என்றும் செபி 2025 ஏப்ரலில் பொதுமக்களை எச்சரித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது.